பதினோராவது வரியில் இருந்த எண்

இலவசமாகக் கொடுக்கும் பொருளால் யாருக்கும் கெடுதல் வராது என்று நம்பியிருந்த காலம் ஒன்று எனக்கும் இருந்தது. சோறு கொடுத்தால் சில வேளை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். புத்தகம் என்ன செய்துவிடப் போகிறது? அப்படித்தான் நினைத்தேன். இப்போது யாராவது மேடையில் ஏறித் திறந்த பாடநூல், திறந்த கல்வி வளம் என்று பேசத் தொடங்கினால் எழும்பிப் போய்விடலாம் என்று இருக்கிறது. அந்த மேடையில் பேசுகிறவன் பெரும்பாலும் நானாகவே இருப்பது இன்னும் மோசம்.

எங்கள் கம்பஸில் குப்பி என்று ஒன்று உண்டு. இலங்கையில் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் உண்டு. விரிவுரையில் விளங்காததை, பரீட்சைக்கு முன்னர், அதே வருடம் சேர்ந்த பட்ச்சில் விளங்கிய ஒருவர் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் குப்பி. வெறும் வகுப்பறையோ விடுதி மண்டபமோ மரத்தடியோ, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நடக்கும். காசு இல்லை. எடுத்தவருக்குக் கடைசியில் ஒரு பிளேன்டீ கிடைத்தால் பெரிய விஷயம். அவர் எழுதிய நோட்ஸ் கைமாறிக் கைமாறிப் போகும். அதில் அவர் தன் பெயரைப் போடமாட்டார். போட்டால் பந்தா காட்டுகிறான் என்று பட்டம் வாங்கும் நாள் வரை பகிடி பண்ணுவார்கள். அடுத்த பட்ச்சுக்கும் அதற்கடுத்த பட்ச்சுக்கும் போகும்போது எழுதியது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

நான் விவசாயபீடத்தில் படித்தவன். மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் வளர்ந்தவன். பள்ளிக்கூடத்தில் உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டுக் கம்பஸ் வாசலைத் தாண்டியதும் எல்லாம் ஆங்கிலமாகிவிட்டது. புள்ளிவிபரவியல் வகுப்பில் எங்களில் பாதிப் பேருக்குக் கணக்கு விளங்கும், கணக்கைச் சொன்ன வசனம் விளங்காது. நான் அதை உடைத்துத் தமிழில் எழுதினேன். புத்தகங்களில் கோதுமையும் ஆப்பிளும் உதாரணமாக வரும் இடங்களில் எங்கள் வட்டையில் விளையும் நெல்லையும் வாவியில் பிடிபடும் இறாலையும் வைத்தேன். என் குப்பிக்கு ஆட்கள் சேர்ந்தார்கள். விளங்கிவிட்டது என்று முப்பது முகங்கள் ஒன்றாக மலர்வதைப் பார்ப்பதில் ஒரு போதை இருக்கிறது. அது எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன்.

பட்டம் முடிந்ததும் அதே பீடத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளர் ஆனேன். ஒவ்வொரு வருடமும் ஒரு கடிதம் வரும். அடுத்த வருடமும் கடிதம் வருமா என்று கடிதம் கொடுப்பவருக்கே தெரியாது. மூத்த விரிவுரையாளரின் மாணவர்களைக் கணக்குச் செய்ய வைப்பது, அசைன்மென்ட் சேகரிப்பது, புரொஜெக்டர் வேலை செய்யாவிட்டால் வயரை ஆட்டிப் பார்ப்பது, இவைதான் என் உத்தியோகம். கல்யாணம் பேச வந்தவர்கள் தற்காலிகம் என்ற சொல்லைக் கேட்டதும் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பினார்கள். நிரந்தரப் பதவிக்கான விளம்பரம் இந்த வருடம் வரும், அடுத்த வருடம் வரும் என்று என் இருபதுகள் கழிந்தன.

அந்த நாட்களில்தான் திறந்த பாடநூல் தளம் ஒன்றைக் கண்டேன். யாரும் எழுதலாம், யாரும் வாசிக்கலாம், பிழை கண்டால் எழுதியவர் அந்த நிமிடமே திருத்தலாம். எங்கள் நூலகத்தில் புள்ளிவிபரவியலுக்கு இருந்த இரண்டு பிரதிகளில் ஒன்றைக் காணவில்லை, மற்றதில் நடுப்பக்கங்களைக் காணவில்லை. கடையில் வாங்குவதென்றால் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகாது. என் குப்பி நோட்ஸை எல்லாம் ஒன்றாக்கி, அத்தியாயம் பிரித்து, தமிழில் ஒரு புத்தகமாக அந்தத் தளத்தில் ஏற்றினேன். எடுங்கள், படியுங்கள், மற்றவருக்கும் கொடுங்கள் என்று முதற்பக்கத்தில் எழுதினேன். என் பெயரை எழுதவில்லை. குப்பி எடுத்துப் பழகிய கைக்கு அது வரவில்லை. இன்னொரு காரணமும் உண்டு, அது அவ்வளவு அழகானதல்ல. எங்கள் மூத்த விரிவுரையாளருக்குத் தமிழில் நோட்ஸ் கொடுப்பது அறவே பிடிக்காது. இப்படிக் கொடுத்துக் கொடுத்துத்தான் பிள்ளைகளை ஆங்கிலத்துக்கு வரவிடாமல் கெடுக்கிறார்கள் என்று கூட்டங்களில் சொல்வார். என் வருடாந்தக் கடிதத்துக்குச் சிபாரிசு எழுதுகிறவர் அவர்தான்.

புத்தகத்தின் கடைசியில் ஓர் அட்டவணை வேண்டியிருந்தது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும், நடந்தது முழுவதும் இதில்தான் நிற்கிறது. உரப் பசளை போட்ட வயலையும் போடாத வயலையும் ஒப்பிட்டுக் கணக்குச் செய்தால் கடைசியில் ஓர் எண் வரும். அதை அட்டவணையில் உள்ள எண்ணோடு ஒத்துப் பார்க்கவேண்டும். நம்முடைய எண் பெரிதாக இருந்தால் பசளை வேலை செய்திருக்கிறது என்று சொல்லலாம். சிறிதாக இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. அவ்வளவுதான். இந்தப் பாடத்துக்கான எந்தப் புத்தகத்தின் பின்னாலும் அந்த அட்டவணை இருக்கும். அப்படியே படமெடுத்துப் போட்டிருக்கலாம். விலை போட்ட புத்தகத்தில் இருந்து எடுப்பது களவு, என்னுடைய புத்தகம் சுத்தமாக இருக்கவேண்டும் என்று எனக்கு ஒரு வீறாப்பு. வைகாசியில் ஊரில் கண்ணகி அம்மன் சடங்கு நடந்த வாரம், ஒலிபெருக்கி காதைப் பிளக்க, வீட்டுக்குள் குந்தியிருந்து அத்தனை எண்களையும் ஒவ்வொன்றாக நானே அடித்தேன். எண்களுக்கு யாரும் சொந்தக்காரரில்லை, தாராளமாக எடுத்திருக்கலாமே என்று பிற்பாடு ஒரு நூலகர் சொன்னார். பதினோராவது வரியில் 2.201 என்று வரவேண்டிய இடத்தில் 2.021 என்று அடித்திருந்தேன். இரண்டு தரம் சரிபார்த்தேன். இரண்டு தரமும் கண் அதைக் கடந்து போயிருக்கிறது.

புத்தகம் பரவியது. கம்பஸ் வாசலில் இருக்கும் போட்டோகொப்பிக் கடைக்காரர் அதை அச்செடுத்துச் சுருள்கம்பி போட்டு அடுக்கி வைத்திருந்தார். மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, ஒரு பெடியன் போனில் என் இறால் கணக்கை வாசிப்பதை நான் பின்னால் நின்று பார்த்தேன். இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் இரண்டு தரிப்பு தாண்டிப் போனேன். யார் எழுதியது என்று ஒருவருக்கும் தெரியாது, ஒருத்தியைத் தவிர.

அவள் பனிச்சங்கேணிப் பிள்ளை. தகப்பன் வாவியில் மீன்பிடிக்கிறவர். அப்போது இரண்டாம் வருடத்தில் இருந்தாள், அந்தப் பட்ச்சுக்குக் குப்பி எடுக்கிறவள் அவள்தான். ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் என்னிடம் வந்தாள். நான் பலகையில் செய்து காட்டிய கணக்கும் அந்தப் புத்தகத்தில் உள்ள கணக்கும் வேறு வேறு, ஆனால் சொல்லும் விதம் ஒன்று, அதை எழுதினது நீங்கள்தானே சேர் என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. வெளியில் சொல்லவேண்டாம் என்றேன். ஓம் என்றாள். அதற்குப் பிறகு புத்தகத்தைப் பற்றி என்னிடம்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் வகுப்பில் சித்தியடைய வேண்டும், பிறகு இதே பீடத்தில் விரிவுரையாளராக வரவேண்டும் என்பதை அவள் ஒளித்து வைத்ததில்லை. பெரிய ஆசைகளைச் சொன்னால் சிரிப்பார்களே என்ற கூச்சம் அவளிடம் இருக்கவில்லை. எங்கள் விதிமுறையில் ஒரு பாடத்தை இரண்டாம் தரம் எழுத நேர்ந்தால், நூற்றுக்கு நூறு எடுத்தாலும் சாதாரண சித்திதான் போடுவார்கள். ரிப்பீட் விழுந்தவருக்கு முதல் வகுப்பு கிடையாது. முதல் வகுப்பு இல்லாதவரை விரிவுரையாளர் பதவிக்குக் கூப்பிடுவதும் கிடையாது. அவளுக்கு அதுவரை ஒரு பாடமும் விழவில்லை.

அந்த வருடம் மூத்த விரிவுரையாளர் ஓர் அசைன்மென்ட் கொடுத்தார். பன்னிரண்டு வயல் துண்டுகள், ஒவ்வொன்றிலும் பாதிக்குப் பசளை, பாதிக்கு இல்லை. வீட்டில் இருந்து தனித்தனியாகச் செய்துகொண்டு வரவேண்டும். கூடவே ஓர் அட்டவணையும் கொடுத்தார். அது போட்டோகொப்பிக்குப் போட்டோகொப்பி எடுத்தது, மூன்றா எட்டா என்று தெரியாது. பிள்ளைகள் அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு என் புத்தகத்தின் அட்டவணையைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். சரியாகச் செய்தால் 2.12 வரும், பன்னிரண்டு துண்டென்றால் ஒன்று குறைத்து, பதினோராவது வரியோடு அதை ஒத்துப் பார்க்கவேண்டும். சரியான அட்டவணைப்படி பசளை வேலை செய்தது என்று சொல்ல முடியாது. என் அட்டவணைப்படி சொல்லலாம்.

விடைக்கட்டைத் திருத்திக்கொண்டிருந்தவர் ஒரு பகல் என்னைக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு அடுக்கு இருந்தது. பெரிய அடுக்கைத் தட்டிக் காட்டி, இவ்வளவு பேரும் ஒரே பிழையை விட்டிருக்கிறார்கள் என்றார். பிழையான எண்கூட ஒன்றேதான், புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் வரை. ஒரு ஆள் செய்ய மற்றவர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள், அந்த ஒரு ஆள் யார் என்று பிடிக்கவேண்டும் என்றார். நான் மேலே கிடந்த தாளைப் பார்த்தேன். 2.021. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எண்ணைப் பார்த்ததும் சடங்கு ஒலிபெருக்கி காதுக்குள் கேட்டது.

அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் அரை நிமிட வேலை. சேர், அது ஒரு புத்தகத்தில் உள்ள பிழை, அந்தப் புத்தகம் நான் எழுதினது. நான் சரி சேர் என்றேன். என் மேசைக்குப் போனேன். கணினியில் தளத்தைத் திறந்தேன். பதினோராவது வரிக்குப் போய் 2.021ஐ அழித்து 2.201 என்று அடித்துச் சேமித்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல தரம் என்னையே கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு தரமும் எனக்குச் சாதகமான பதில்தான் வருகிறது. பிழையைக் கண்டால் திருத்தவேண்டும், இன்னும் எத்தனை பிள்ளைகள் அதைப் பார்க்கப் போகிறார்கள், அதனால்தான் என்று சொல்லிக்கொள்வேன். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் சேமிக்கும் முன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேனே, அது ஏன்? நிரந்தரப் பதவிக்கான விளம்பரம் அந்த மாதம்தான் வந்திருந்தது. என் விண்ணப்பம் அதே மூத்த விரிவுரையாளரின் மேசை லாச்சிக்குள் கிடந்தது. களவு எடுத்தவன் கதவைச் சாத்துவது போலத்தான் நான் அந்தப் பக்கத்தை மூடினேன்.

மறுவாரம் விசாரணை. பீடத்தின் சிறிய கூட்ட அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மூத்த விரிவுரையாளர், வேறு துறையில் இருந்து ஒரு பேராசிரியர், நிர்வாகத்தில் இருந்து ஒருவர். குறிப்பெடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். மேசையின் ஓரத்தில் ஒரு கதிரை போட்டு, கையில் கொப்பியும் பேனையும் கொடுத்தார்கள். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாரும் பயத்தில் ஒன்றையே சொன்னார்கள். நாங்கள் பார்த்து எழுதவில்லை, அவளுடைய குப்பியில் இந்த மாதிரிக் கணக்கு செய்தோம், அப்போது அவள் காட்டின அட்டவணையைத்தான் இதற்கும் பாவித்தோம். அவர்கள் அவளைக் காட்டிக் கொடுக்கவில்லை. தங்களுக்கு நல்லது செய்தவளின் பெயரை நன்றியோடுதான் சொன்னார்கள். அதை நான் வசனம் வசனமாக எழுதினேன்.

கடைசியாக அவள் வந்தாள். பயந்த மாதிரித் தெரியவில்லை. கையில் போட்டோகொப்பிக் கடையில் வாங்கிய என் புத்தகம் இருந்தது. அட்டவணைப் பக்கத்தில் தாள் வைத்துக் கொண்டு வந்திருந்தாள். இதில் இருந்துதான் எடுத்தோம், பிழை என்றால் புத்தகத்தில் பிழை, நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதவில்லை என்று திறந்து காட்டினாள். பேராசிரியர் வாங்கிப் பார்த்தார். முன்பக்கத்தைப் புரட்டினார்.

"இதை ஆர் எழுதினது?"

"பேர் போடல்ல சேர். நெட்டில இரிக்கிற புத்தகம்."

சொல்லும்போது அவள் என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். நான் குனிந்து, பேர் போடவில்லை என்று கொப்பியில் எழுதினேன்.

நிர்வாகத்தில் இருந்து வந்தவர், நெட்டில் இருந்தால் பார்த்துவிடலாமே என்றார். மூத்த விரிவுரையாளர் மடிக்கணினியைத் திறந்தார். தளம் வந்தது, புத்தகம் வந்தது, அட்டவணை வந்தது. விரலை வைத்துப் பதினோராவது வரிக்கு இறங்கினார். பிறகு கணினியைத் திருப்பி அவளுக்குக் காட்டினார். 2.201.

அவள் குனிந்து பார்த்தாள். கையில் இருந்த பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"புத்தகத்தில சரியாத்தானே கிடக்கு. உம்மட கையில இருக்கிறது என்ன?" என்று மூத்த விரிவுரையாளர் கேட்டார்.

"நான் மாத்தல்ல சேர். கடையில வாங்கினபடிதான் இரிக்கு."

அதற்குப் பிறகு அவர்கள் பேசியதெல்லாம் நியாயமான பேச்சு. அதுதான் கொடுமை. பெயரில்லாத, திகதியில்லாத ஒரு போட்டோகொப்பியை எப்படி ஏற்பது? அச்செடுப்பதற்கு முன் யாரும் ஓர் எண்ணை மாற்றியிருக்கலாமே? கடைக்காரரைக் கூப்பிடலாம் என்று அவள் சொன்னாள். அவர் உங்களுக்குச் சாதகமாகத்தானே சொல்வார் என்றார்கள். பார்த்து எழுதியது ஒரு குற்றம், அதை மறைக்க ஆதாரம் தயாரித்தது இன்னொரு குற்றம் என்று பேராசிரியர் வருத்தத்தோடு சொன்னார். அவர் உண்மையாகவே வருந்தினார்.

அந்தத் தளத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே, மங்கலான எழுத்தில், மாற்றங்களின் வரலாறு என்று ஒரு சுட்டி உண்டு. தட்டினால் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த எண் எந்த எண்ணாக மாறியது என்று வரும். மூத்த விரிவுரையாளரின் விரலுக்கும் அதற்கும் இடையில் ஓர் அங்குலம் இருந்தது. அந்த அறையில் அது தெரிந்தவன் நான் ஒருவன். அவள் தலை நிமிர்ந்து மறுபடி என்னைப் பார்த்தாள், இந்தத் தரம் நன்றாகவே பார்த்தாள். என் பேனை எழுதிக்கொண்டிருந்தது. என்ன எழுதினேன் என்று ஞாபகமில்லை. எழுதாவிட்டால் நிமிரவேண்டி வந்திருக்கும்.

மற்றவர்களுக்கு எச்சரிக்கை, வேறோர் அசைன்மென்ட். அவளுக்கு மட்டும் அந்தப் பாடத்தில் பூச்சியம், அந்த வருடம் பரீட்சை எழுத அனுமதியில்லை. அடுத்த வருடம் தனக்குக் கீழே உள்ள பட்ச்சோடு உட்கார்ந்து ரிப்பீட்டாக எழுதவேண்டும். முடிவை நான்தான் தட்டச்சுச் செய்து கையொப்பத்துக்கு வைத்தேன். அன்றைக்கு எந்த எண்ணிலும் பிழை விடவில்லை.

அவள் என்னைக் காட்டிக் கொடுக்காததை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் தெரியுமா? மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். சொல்லவேண்டாம் என்று கேட்டேன், சொல்லவில்லை, நல்ல பிள்ளை. என் கஷ்டம் அவளுக்குத் தெரியும், சேருக்கு வேலை போகக்கூடாது என்று நினைத்திருப்பாள். இப்படி ஒரு சமாதானம். இதைத் தலையணையாக வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் தூங்கியிருக்கிறேன்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு நேர்முகப் பரீட்சை வந்தது. கற்றல் வளம் ஏதும் உருவாக்கியிருந்தால் அதற்கும் புள்ளி உண்டு என்று விண்ணப்பதாரர்களுக்கு அனுப்பிய கடிதத்தில் இருந்தது. திறந்த பாடநூல்களை ஊக்குவிக்கவேண்டும் என்று மேலிடத்தில் திடீரென்று எல்லாருக்கும் ஞானம் பிறந்திருந்த நேரம் அது. நேர்முகத்துக்கு முதல் நாள் தளத்தைத் திறந்து புத்தகத்தின் முதற்பக்கத்தில் என் பெயரை அடித்தேன். எங்கும் எழுத்துப் பிழை வரவில்லை. அச்செடுத்து, நல்ல அட்டை போட்டு, கோப்புக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

நேர்முகக் குழுவில் மூத்த விரிவுரையாளரும் இருந்தார். கோப்பைப் புரட்டிக்கொண்டு வந்தவர் அந்தப் புத்தகத்தில் நின்றார். அட்டையைப் பார்த்தார், கடைசிப் பக்கத்துக்குப் போனார், அட்டவணையில் விரலை வைத்துப் பதினோராவது வரி வரை இறங்கினார். கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்டுவிடட்டும் என்றும் ஒரு மூலையில் நினைத்தேன், அதுவும் சத்தியம்.

"அப்ப இந்தப் புத்தகம் உம்மட தானா?" என்றார்.

"ஓம் சேர்."

அவர் புத்தகத்தை மூடி, பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். தமிழில் நல்ல முயற்சி என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. அவருக்கு விளங்கிவிட்டது என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அந்த விசாரணையை மறுபடி திறந்தால் அவருடைய தீர்ப்பும் என் பதவியும் சேர்ந்து விழும். அன்றில் இருந்து அவர் என்னை மிகவும் மதிப்போடு நடத்துகிறார். துறைக் கூட்டங்களில் நாங்கள் இருவரும் எதிலும் முரண்படுவதில்லை.

வேலை கிடைத்தது. பதவி உறுதியாகட்டும், பிறகு ஒரு கடிதம் எழுதி எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பதவி உறுதியானபோது அவள் பட்டம் முடித்துப் போயிருந்தாள். ரிப்பீட்டை எழுதினாள், சித்தியடைந்தாள், இரண்டாம் வகுப்பில் வெளியேறினாள். அந்தப் பட்ச்சில் முதல் வகுப்பு எடுத்து இப்போது எங்கள் துறைக்கு வந்திருக்கும் பெடியன் அவளுடைய குப்பியில் இருந்து படித்தவன். நல்ல பிள்ளை, கெட்டிக்காரன். அவன் என் அறைக்குள் வந்து சேர் என்று கூப்பிடும் ஒவ்வொரு தரமும் எனக்கு எரிச்சல் வருகிறது, அவன் ஒரு பாவமும் அறியான்.

கடந்த வருடம் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிலரங்கு. பல்கலைக்கழக மாணவர்களுக்கான திறந்த பாடநூல்கள் பற்றி. இலவசப் புத்தகங்களைப் பற்றிப் பேச இவ்வளவு விலையான இடம் எதற்கென்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்குக் கடல் தெரிகிற அறை தந்திருந்தார்கள். முதல் நாள் காலை நான் பேசினேன். அச்சுப் புத்தகத்தில் பிழை வந்தால் அடுத்த பதிப்பு வரும்வரை அது பிழைதான், திறந்த நூலில் கண்டவுடன் திருத்தலாம், அதுதான் அதன் பெருமை என்றேன். எத்தனையோ இடங்களில் சொன்ன வசனம், வாய் தானாகவே சொல்லும். சொல்லி நிமிர்ந்தபோது மண்டபத்தின் பின்கதவருகில் ஹோட்டல் சீருடையில் ஒரு பெண் நின்றாள். தேநீர் இடைவேளைக்கு ஆயத்தம் பார்க்க வந்திருக்கவேண்டும். அவள்தான். நான் சொன்னதைக் கேட்டாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. மீதிப் பேச்சை எப்படி முடித்தேனோ தெரியாது, கைதட்டினார்கள்.

மறுநாள் புறப்படும்போது வரவேற்பு மேசையில் அவள் தனியாக இருந்தாள். அறைக் கதவின் திறப்பைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, எப்படி சேர் இருக்கிறீங்க, வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டாள். சுகம் என்றேன். இங்கே நான்கு வருடமாக வேலை, விருந்தினர் பொறுப்பு எல்லாம் தன்னிடம்தான், வெளிநாட்டுக்காரரோடு பேசிப் பேசி ஆங்கிலம் நன்றாக வந்துவிட்டது என்றாள். விரிவுரையாளர் வேலைக்கு எங்கேயும் விண்ணப்பித்தாயா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விழுங்கினேன். பிறகு, இத்தனை வருடமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததில் முதல் பாதியைச் சொன்னேன். அன்றைக்கு நீ என் பெயரைச் சொல்லாமல் விட்டது எனக்குத் தெரியும், எனக்காகத்தான் என்றும் தெரியும், அந்த நன்றியை நான் மறக்கவில்லை என்றேன்.

அவள் பற்றுச்சீட்டை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"உங்களுக்காக இல்ல சேர். நீங்களே சொல்லுவீங்க எண்டுதான் பார்த்துக்கொண்டு இரிந்தன். நான் சொன்னா மாட்டிவிட்ட மாதிரிப் போகும், நீங்களாச் சொன்னா உங்களுக்கு மரியாதை எண்டு நினைச்சன். ரெண்டு தரம் பார்த்தனே சேர். மறுகா அவங்க கதவத் திறந்து போகச் சொல்லிட்டாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு விருந்தினருக்கு வழி சொல்வது போலத்தான் சொன்னாள். மன்னிப்புக் கேட்க வைத்திருந்த மீதிப் பாதி எனக்கு மறந்து போயிற்று. அவள் பற்றுச்சீட்டைத் தந்தாள், வாகனம் வாசலில் நிற்கிறது என்றாள், எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து வணக்கம் சொன்னாள். நான் விலகி அவருக்கு இடம் விட்டேன்.